ரத்தம் கொடுக்கக் கூடாதவர்கள் பட்டியல்

இந்தியாவில் ஆணோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண் ரத்ததானம் செய்ய முடியாது. ஆறு மாசம் பொறு, ஒரு வருஷம் பொறு என்ற தவணையெல்லாம் கிடையாது. ஆயுளுக்கும் முடியாது.

2017 அக்டோபரில் தேசிய குருதி பரிமாற்றுக் குழுமமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் (சுருக்கமாக நாகோ) கொண்டுவந்த கொடையாளர் தேர்வு வழிகாட்டுதலில் இது இருக்கிறது. 12-ஆவது பிரிவிலும் 51-ஆவது பிரிவிலும். திருநர், ஆணோடு உறவு கொள்ளும் ஆண், பாலியல் தொழில் செய்யும் பெண், ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவர், பலரோடு உறவு வைத்திருப்பவர். இந்த ஐந்து பேரும் எச்ஐவி ஆபத்துக்கு உரியவர்கள், ஆகவே நிரந்தரமாக வேண்டாம் என்கிறது வழிகாட்டுதல். (பலர் என்றால் எத்தனை பேர்? அதைச் சொல்லவில்லை.)

அதே வழிகாட்டுதலில் மற்றவர்களுக்குத் தவணை உண்டு. பச்சை குத்தினால் 12 மாதம். மலேரியா வந்து குணமானால் 3 மாதம். ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் அடுத்ததற்கு 90 நாள், பெண்கள் 120 நாள். வயது 18-லிருந்து 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. எல்லாமே உடம்பைப் பற்றிய கணக்கு, அல்லது செய்த ஒரு காரியத்தைப் பற்றிய கணக்கு.

திருநர் விஷயத்தில் மட்டும் அதுவும் இல்லை. ஒரு திருநங்கை வாழ்நாளில் யாரோடும் உறவே வைத்துக்கொள்ளாமல் இருந்தாலும் அவர் ரத்தம் வேண்டாம். அவர் என்ன செய்தார் என்று படிவம் கேட்கவே இல்லை.

இது கடற்கரையோரத்து ஊர் ஒன்றில் நடைமுறையில் எப்படி இருக்கும்?

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது. 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் உப்பு ஊர். பக்கத்தில் கழுவேலி ஏரி, சுற்றிலும் மீனவக் குப்பங்கள். பெரிய ஆபரேஷன், சிக்கலான பிரசவம், ஈசிஆரில் அடிபட்ட கேஸ் என்றால் வண்டி புதுச்சேரி ஜிப்மருக்கோ விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோதான் போகும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டால் உறவுக்காரர்களிடம் "ஆள் கூட்டிட்டு வாங்க" என்பது வழக்கம். ஒரு யூனிட் வாங்கினால் ஒரு யூனிட் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊருக்கு போன் போகும். உப்பு வாரும் வேலையை விட்டுவிட்டு நாலு பையன்கள் ஒரு வேனில் ஏறி வருவார்கள். வந்த நாலு பேரில் ஒருவருக்கு எடை போதாது, இன்னொருவருக்கு ஹீமோகுளோபின் போதாது. பெண்களை இந்தப் பேச்சிலேயே யாரும் சேர்ப்பதில்லை. (5-ஆவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15–49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25 சதவீதம். கொடுக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில் பெரிய பங்கு ஹீமோகுளோபினுக்குத்தான்.)

மிச்சம் இருக்கும் இரண்டு பேரிடம் படிவம் நீட்டப்படும். கேள்விகள் அதில் இருக்கின்றன. தனி அறையில், ரகசியமாகக் கேட்க வேண்டும் என்பது விதி. கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட வராண்டாவிலோ நடக்கும் கேம்பில் தனி அறைக்கு எங்கே போவது? "கெட்ட பழக்கம் எதுவும் இல்லல்ல தம்பி?" என்று ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும். பக்கத்தில் மச்சான் நிற்பான். "இல்லைங்க" என்ற பதில் தவிர வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

இங்கேதான் விதியின் ஓட்டை தெரிகிறது. ஐந்து கூட்டத்தில் பார்த்தவுடன் அடையாளம் தெரிவது திருநங்கைகள் மட்டும்தான். ஆகவே வாசலிலேயே நிற்க வைக்கப்படுவது பெரும்பாலும் அவர்கள். கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டியோடு இருந்துகொண்டே எப்போதாவது ஆண்களோடும் பழகும் ஒருவரைப் படிவம் பிடிக்காது. அவர் தன்னை எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்வதில்லை. தங்கைக்குப் பிரசவம் என்று கூட்டிக்கொண்டு வந்த இடத்தில் "நான் கொடுக்கலை" என்று சொன்னால், ஏன் என்ற கேள்வி ஊர் போய்ச் சேரும்வரை விடாது. கொடுத்துவிட்டுப் போவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. உண்மையைச் சொன்னால் ஆயுள் தடை, சொல்லாவிட்டால் தொல்லை இல்லை என்று இருக்கும் இடத்தில் உண்மை வருமா?

இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்றால், பயத்திலிருந்து. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எய்ட்ஸ் முதலில் கவனத்துக்கு வந்தது தன்பாலீர்ப்பு ஆண்களிடம்தான். கொஞ்ச நாளில் ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கும் வந்தபோது ரத்தத்தின் வழியாகவும் பரவுகிறது என்று புரிந்தது. அப்போது பரிசோதனை என்று ஒன்றே கிடையாது. எச்ஐவிக்கான முதல் எலிசா சோதனை அங்கே அனுமதி பெற்றது 1985 மார்ச்சில். அதுவரை ரத்த வங்கிகளுக்கு இருந்த ஒரே வழி, ஆபத்து அதிகம் என்று நினைத்தவர்களை வராதே என்பது. 1983-ல் ஆலோசனையாகத் தொடங்கியது, 1985-ல் இறுகியது: 1977-க்குப் பிறகு ஒரே ஒரு தடவை ஆணோடு உறவு வைத்திருந்தாலும் அந்த ஆண் கொடுக்கக் கூடாது. பிரிட்டன், கனடா, பிரான்ஸ் எல்லாம் ஏறக்குறைய அதே வழியில் போயின.

பிரான்சிலும் கனடாவிலும் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது அரசையே ஆட்டிவைத்த ஊழல் ஆனது. கனடாவில் சுமார் 2,000 பேருக்கு எச்ஐவி போய்ச் சேர்ந்தது. நீதிபதி கிரீவர் தலைமையில் விசாரணைக் குழு போட்டு நாலு வருஷம் விசாரித்தார்கள். இவ்வளவு அடிபட்ட பிறகு எந்த அதிகாரியும் தடையைத் தளர்த்தக் கையெழுத்துப் போடத் தயங்கத்தான் செய்வார்.

இந்தியக் கதை சென்னையில் தொடங்குகிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்து, வேலூர் சிஎம்சியில் சோதித்து, நாட்டின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டார்கள். 1989-ல் தானமாக வரும் ரத்தத்துக்கு எச்ஐவி சோதனை கட்டாயமானது.

ஆனால் அன்றைக்கு இந்திய ரத்த வங்கிகளின் பெரிய தலைவலி வேறு. காசுக்கு ரத்தம் விற்பவர்கள். வாராவாரம் விற்றவர்களும் உண்டு. 'காமன் காஸ்' அமைப்பு போட்ட வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பில் வரும் கணக்கு: நாட்டில் 1,018 ரத்த வங்கிகள், அதில் 616-க்கு உரிமமே இல்லை. தேசிய குருதி பரிமாற்றுக் குழுமம் பிறந்தது இந்தத் தீர்ப்பால்தான். 1998 ஜனவரி 1 முதல் ரத்தம் விற்பது நின்றது (சட்டப்படி).

ஒரு தொழிலைத் தடை செய்து ரத்தத்தைச் சுத்தமாக்கிய குழுமம், 2017-ல் ஆட்களைத் தடை செய்யப் போனது.

இப்போது சோதனை விஷயம். தொற்று உடம்பில் நுழைந்த நாளிலிருந்து சோதனையில் தெரிய ஆரம்பிக்கும் நாள் வரை ஓர் இடைவெளி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'விண்டோ பீரியட்' என்பார்கள். மூன்றாம் தலைமுறை எலிசாவில் இது சுமார் 3 வாரம். நான்காம் தலைமுறையில் சுமார் 2 வாரம் சொச்சம். கிருமியின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனையில் 10 நாள் அளவுக்குக் குறைந்துவிடும். இந்த நாட்களுக்குள் ஒருவர் ரத்தம் கொடுத்தால் சோதனை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும். ரத்தம் வாங்கியவருக்குத் தொற்று போய்விடும். கேள்விப் படிவம் தேவைப்படுவது இந்த ஒரு இடைவெளிக்காகத்தான்.

இந்த இடைவெளியை அடைக்க எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும்? எச்ஐவி, ஹெபடைடிஸ் எல்லாம் சேர்த்து 3 மாதம் என்பது பல நாடுகள் வந்து சேர்ந்த கணக்கு. பத்து வருஷத்துக்கு முன்னால் வைத்த உறவால் இன்றைக்கு எலிசா ஏமாறாது. ஆயுள் தடைக்கு விண்டோ பீரியடைக் காரணமாகக் காட்ட முடியாது. வேறு காரணம் வேண்டும்.

இந்திய அரசு காட்டும் காரணம் சதவீதம். இந்த வழிகாட்டுதலை எதிர்த்த வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலில், இந்தக் கூட்டங்களில் தொற்று பொதுமக்களைவிட 6 முதல் 13 மடங்கு அதிகம் என்றது. ரத்தம் கொடுக்கிறவரின் உரிமையைவிட, பாதுகாப்பான ரத்தம் பெறுகிறவரின் உரிமை பெரியது என்றும் வாதிட்டது.

இரண்டாவது வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. தலசீமியா உள்ள குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். 2011-ல் குஜராத்தின் ஜுனாகட்டில் அப்படி ரத்தம் ஏற்றிக்கொண்ட 23 குழந்தைகளுக்கு எச்ஐவி இருப்பது தெரிய வந்தது. அந்தப் பெற்றோரிடம் போய்க் கொடையாளரின் உரிமை பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது. 'நாட்' சோதனை இந்தியாவில் இன்னும் கட்டாயம் இல்லை. செலவு அதிகம் என்பதால் நிறைய ரத்த வங்கிகள் எலிசாவோடு நிறுத்திக்கொள்கின்றன.

முதல் வாதத்தில் இருப்பது எண்கள். அவை எங்கிருந்து வந்தவை என்று பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் கண்காணிப்புக் கணக்கு இப்படி: பொதுவாக வயது வந்தவர்களிடம் 0.21 சதவீதம். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் 3.26. திருநரிடம் 3.78. இந்தக் கணக்கில் மடங்கு அரசு சொன்னதைவிடக் கூடவே வருகிறது. அதிகம் என்பது உண்மை.

ஆனால் இந்த ஆண்களையும் திருநரையும் கணக்கெடுத்த இடம் நாகோவின் தடுப்புத் திட்டங்கள் நடக்கும் இடங்கள். ஆபத்து அதிகம் என்பதாலேயே திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். பல வருஷமாக ஒரே துணையோடு வாழும் இரண்டு ஆண்கள் அந்தப் பட்டியலில் வரவே மாட்டார்கள். அவர்களுடைய கணக்கும் இந்தச் சதவீதத்தில்தான் எழுதப்படுகிறது.

அந்தப் பட்டியல் முதலில் போடப்பட்டதே வேறு நோக்கத்துக்காக. யாருக்கு ஆணுறை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், யாருக்குச் சோதனை வசதி செய்ய வேண்டும், யாருக்கு மருந்து சேர வேண்டும் என்று தேடிப்போவதற்கான பட்டியல். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கைகள் கூடும்போது எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறது. இது நல்ல காரியம். தமிழ்நாட்டில் தொற்று குறைந்ததற்கு இப்படித் தேடிப்போன வேலையும் ஒரு காரணம். அதே பட்டியலை எடுத்துக்கொண்டுபோய் ரத்த வங்கி வாசலில் மாட்டிவிட்டது 2017 வழிகாட்டுதல். திருவிழாவில் கைபிடித்துப் பேசும் அரசு, கேம்பில் கையை விரிக்கிறது.

வழிகாட்டுதலை எதிர்த்து 2021-ல் உச்ச நீதிமன்றம் போனவர் மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கைச் செயல்பாட்டாளர் சாந்தா குராய். கோவிட் காலத்தில் சொந்தங்களுக்கு ரத்தம் தேவைப்பட்டபோதும் திருநர் கொடுக்க முடியாமல் போனதை அவருடைய மனு சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் அரசுக்கு நோட்டீஸ் போனது. 2024-ல் எழுத்தாளர் ஷரீஃப் ரங்நேகர் தன்பாலீர்ப்பு ஆண்கள் சார்பில் இன்னொரு மனு போட்டார். 2014 நால்சா தீர்ப்பு திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்றுவிட்டது, 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவின் பிடி விலகிவிட்டது, அப்புறமும் அடையாளத்தை வைத்து விலக்குவது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்பது இவர்கள் தரப்பு. (377 இருந்தபோது போட்ட வழிகாட்டுதல், அது போன பிறகும் அப்படியே இருக்கிறது.)

வெளிநாடுகள் இதற்குள் எங்கோ போய்விட்டன. எல்லாமே ஒரே நாளில் மாறவில்லை, படிப்படியாகத்தான்.

இத்தாலி முன்னோடி. 2001-லேயே ஆளைப் பார்க்காமல் நடத்தையைக் கேட்கும் முறைக்கு மாறியது. அதனால் ரத்தம் கெட்டுப்போனதாகப் பிறகு நடந்த ஆய்வு சொல்லவில்லை. அமெரிக்கா 2015 கடைசியில் ஆயுள் தடையை 12 மாதமாக்கியது. அடுத்த ஜூனில் ஆர்லாண்டோவில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் 'பல்ஸ்' கேளிக்கை விடுதியில் துப்பாக்கிச் சூடு. ரத்தம் கேட்டு அறிவிப்பு வந்தபோது, செத்தவர்களின் சிநேகிதர்கள் பலர் வரிசையிலேயே நிற்க முடியவில்லை. 2020-ல் கோவிட் வந்து ரத்தத்துக்குத் தட்டுப்பாடு ஆனதும் 12 மாதம் ஒரே கையெழுத்தில் 3 மாதமானது. ஆக, அறிவியல் ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறது, தட்டுப்பாடு வர வேண்டியிருந்தது. 2020 மே மாதமே பிரேசில் உச்ச நீதிமன்றம் அந்நாட்டின் 12 மாதத் தடையை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது.

பிரிட்டன் 2021 ஜூன் 14 அன்று (உலக ரத்தக் கொடையாளர் தினம்) புது முறைக்கு வந்தது. 2022-ல் பிரான்சும் கனடாவும், 2023 மே மாதம் அமெரிக்காவும். பிரிட்டன், கனடா, அமெரிக்காவின் புது முறையில் ஆண், பெண், திருநர் எல்லோரிடமும் கேள்வி ஒன்றுதான்: கடந்த 3 மாதத்தில் புதுத் துணையோ, ஒன்றுக்கு மேற்பட்ட துணையோ உண்டா? உண்டென்றால் ஆசனவாய் உறவு இருந்ததா? இருந்தால் 3 மாதம் கழித்து வரவும். ஒரே துணையோடு இருக்கும் ஆண் ஜோடி கொடுக்கலாம். இந்த வாரம் ஒருத்தி, அடுத்த வாரம் ஒருத்தி என்று திரியும் ஆணும் ஆசனவாய் உறவு வைத்திருந்தால் காத்திருக்க வேண்டும். எச்ஐவி வராமல் தடுக்கும் 'பிரெப்' மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் நிறுத்தி வைக்கிறார்கள். அந்த மருந்து சோதனையின் கண்ணை மறைக்கக்கூடும் என்பதால்.

தமிழர்கள் நிறைய இருக்கும் சிங்கப்பூர் மறுபக்கம் நிற்கிறது. 377ஏ சட்டத்தை 2022-ல் நீக்கிவிட்டது, ரத்தத் தடையை நீக்கவில்லை. படிவத்தில் பொய் சொல்வது அங்கே தண்டனைக்குரிய குற்றம்.

தமிழ்நாட்டில் ரத்தத்தால் எச்ஐவி போன சம்பவம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது சாத்தூர்.

2018 நவம்பர் 30. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் 19 வயது இளைஞர் ஒருவர் சொந்தக்காரருக்காக ரத்தம் கொடுத்தார். அந்த யூனிட் சொந்தக்காரருக்குத் தேவைப்படவில்லை. பாதுகாப்பானது என்று குறிக்கப்பட்டு, சாத்தூர் அரசு மருத்துவமனையில் டிசம்பர் 3 அன்று ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டு வேலைக்காக மருத்துவச் சோதனைக்குப் போன இளைஞருக்குத் தன் தொற்று தெரிந்தது. அவராகவே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார். ரத்தம் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது.

விசாரணையில் தெரிந்தது இன்னும் மோசம். 2016-லேயே அவர் ரத்ததானம் செய்தபோது தொற்று இருப்பது தெரிந்திருக்கிறது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி தாங்காமல் விஷம் குடித்து, டிசம்பர் 30 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். அந்தப் பெண்ணுக்கு எச்ஐவி வந்தது. ஜனவரியில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

அந்த இளைஞருக்குத் தொற்று எப்படி வந்தது என்பது இங்கே கேள்வியே இல்லை. இரண்டு வருஷத்துப் பழைய தொற்று. விண்டோ பீரியட் தாண்டி எத்தனையோ நாளாயிற்று. 'நாட்' கூட வேண்டாம், சாதாரண எலிசா ஒழுங்காக நடந்திருந்தால் அந்தப் பை குப்பைக்குப் போயிருக்கும். 2016-ல் தெரிந்ததை அவரிடம் சொல்லியிருந்தால் 2018-ல் அவர் கையை நீட்டியிருக்கவே மாட்டார். ஆயுள் தடைப் பட்டியல் 2017 முதல் அமலில் இருந்தது. அது இந்த யூனிட்டின் பாதையில் குறுக்கே வரவே இல்லை. முடிவைப் பதியும் வேலை, கொடையாளரைத் தேடிச் சொல்லும் வேலை, சோதனையைச் சரியாகச் செய்யும் வேலை. மூன்றுக்கும் பணமும் ஆளும் வேண்டும். பட்டியலுக்கு ஒன்றும் வேண்டாம், அச்சடித்தால் போதும்.

2025 மே மாதம், வழிகாட்டுதலை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சூர்ய காந்த், கோட்டீஸ்வர் சிங் முன்னால் வந்தபோது, எல்லாத் திருநரையும் ஆபத்தானவர்கள் என்று முத்திரை குத்த முடியுமா என்று அமர்வு கேட்டது. அதே மூச்சில், மருத்துவப் பாதுகாப்பைக் குறைக்கச் சொல்லவில்லை என்றும் சொன்னது. நிபுணர்களைக் கலந்து, இழிவு ஒட்டாத வழியைக் கண்டுபிடிக்கும்படி மத்திய அரசிடம் பொறுப்பை விட்டது. வழிகாட்டுதலுக்குத் தடை எதையும் அன்று விதிக்கவில்லை.